கிண்ணத்திலா தொண்டையிலா

கொதிக்கிற தண்ணீரை நஸ்ரின் ஒவ்வொரு குவளையாக ஊற்றிக்கொண்டு போகிறாள், தூள் நுரைத்து மேலே எழும்புகிறது, மூடி போடுகிறாள், அடுத்த குவளை, அடுத்த மூடி, இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், அப்புறம் நான் வரிசையாக நடந்து ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பி, இது புளிக்கிறது, இது புளிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேலாகக் குன்னூரில் இதே அறையில், வடக்குப் பார்த்த இதே ஜன்னல் வெளிச்சத்தில், ஏலத்துக்குப் போகிற டீயை ருசி பார்த்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள், டீ குடிக்கச் சம்பளமா என்று. குடிப்பதில்லை, துப்புகிறேன் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் விடிந்ததிலிருந்து என் வாய் புளிக்கிறது. டீ இன்னும் நாக்கில் படவே இல்லை, அதற்குள் புளிக்கிறது. அடித்தொண்டையில் ஏதோ ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, நெஞ்சுக்குழியில் மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறது, ஏப்பத்தை வெளியே விடாமல் மூக்கு வழியாக மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறேன், ஜன்னலோரம் போஜன் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். பார்க்காமல் என்ன செய்வார். கல்லொரை ஃபேக்டரியில் டீ தயாரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. போன வாரம் அந்தக் கல்லொரை டீயை உறிஞ்சிப் பார்த்து, புளிப்பு, ஏலத்துக்கு ஆகாது என்று சொன்னவள் நான். ஃபேக்டரி முதலாளி போஜனைக் கூப்பிட்டு, அது உண்மையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். போஜன் நேராக எங்கள் மேனேஜர் தேவசகாயம் சாரிடம் வந்து, உங்கள் கனியின் நாக்கில்தான் ஏதோ கோளாறு, என் டீயில் இல்லை, என் கண் முன்னால் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று நின்றார். சாரும் சரி என்றுவிட்டார். அதே ரக டீயில் வேறு ஃபேக்டரிகளுடையதையும் வரிசையில் மாற்றி மாற்றி வைத்து, எண் எழுதிய சீட்டைக் கிண்ணத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார், எது கல்லொரை என்று எனக்குத் தெரியாது. கோளாறு என்று போஜன் கோபத்தில் சொல்லியிருப்பார். அது உண்மையாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வது.

எங்கே தப்பு நடந்தது என்று யோசிக்கிறேன், மணி அடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் எரிச்சல் நின்றுவிடப் போகிறதா, இருந்தாலும் யோசிக்கிறேன். நேற்று நாத்தனார் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம், மட்டன் பிரியாணி, கூட எண்ணெய் மிதக்கிற கத்தரிக்காய். வேண்டாம் என்றால் அண்ணி எப்பவும் நம்ம வீட்ல சாப்பிட மாட்டாங்க என்று நாத்தனார் மூக்கை உறிஞ்ச ஆரம்பிப்பாள், அதற்குப் பயந்து இரண்டாம் தடவையும் வாங்கினேன், வாங்கினதை வைக்கக் கூடாது என்று சாப்பிட்டேன். வீடு வந்ததும் படுத்துவிட்டேன். சாப்பிட்டதும் படுக்காதே என்று ஐசக் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார், அவர் சொல்வதைக் கேட்காமல் இருப்பது எங்கள் கல்யாணத்தின் பழைய வழக்கம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறார், தலை உயரமாக இருந்தால் அமிலம் மேலே வராதாம், நானோ விடிகிறபோது கால்மாட்டில் சுருண்டு கிடக்கிறேன். சரி, பிரியாணி. ஆனால் போன வாரம் பிரியாணி இல்லையே. போன வாரம் முழங்கால் வலி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கின மாத்திரை, அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். அதற்கு முந்தின வாரம் அதுவும் இல்லை, அப்போது தக்காளி மலிவு, தினம் தக்காளி ரசம். அதற்கு முன்னால் ஊட்டியிலிருந்து யாரோ கொண்டு வந்த சாக்லேட். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் நிறுத்துகிறேன், ஒவ்வொன்றும் நான் இல்லை, எனக்கு முன்னால் அவன் வந்தான் என்று கையைக் காட்டுகிறது. பாவாடை நாடா. ஆமாம், இதுவும்தான். இப்போதுகூட இறுக்கிக் கட்டியிருக்கிறேன், வயிறு முன்னைப்போல இல்லை, நாடா பழைய இடத்திலேயே முடிச்சு விழ வேண்டும் என்று எனக்கு வீம்பு, அந்த வீம்பு வயிற்றை அமுக்கி உள்ளே இருப்பதை மேலே தள்ளுகிறது. அவிழ்த்து விடலாம் என்றால் ஒரு பக்கம் தேவசகாயம் சார், இன்னொரு பக்கம் போஜன், நடுவில் நின்றுகொண்டு நாடாவைத் தளர்த்த முடியுமா. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி. டீயை ருசி பார்க்கிறவள் வீட்டில் காபி குடிப்பாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நாள் பூராவும் டீயோடு மல்லுக்கு நின்றவளுக்கு வீட்டிலும் டீயா என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்புறம் கவலை. கவலைப்பட்டாலும் அமிலம் ஏறுமாம். ஏறிவிட்டதே என்று கவலை, கவலையால் இன்னும் ஏறுகிறது, இதை எந்த முனையில் பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. போனேன். பெட்போர்டு பக்கம் போகிற வழியில் சின்ன கிளினிக், சின்னப் பையன் மாதிரி ஒரு டாக்டர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். சாப்பாடு இறங்குகிற குழாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசை இருக்கும்மா, கதவு மாதிரி, சாப்பாடு போனதும் மூடிக்கணும், அது தளர்ந்துபோச்சுன்னா வயித்துல இருக்க அமிலம் மேல ஏறி வந்துரும் என்றார். எனக்கு உடனே எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு ஞாபகம் வந்தது, தாழ்ப்பாள் இருக்கும், விழாது. என்ன வேலைம்மா பண்றீங்க என்றார். ஆபீஸ் வேலை என்றேன். உட்கார்ந்தே பார்க்கற வேலையா, அடிக்கடி குனிவீங்களா என்றார். இல்லை என்றேன். டீ, காபி எவ்வளவு என்று கேட்டார். ஏதோ ரெண்டு வேளை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கிளினிக் படியை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும், டீயை விடுங்க என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் எங்கே போவது. மற்றவர்களுக்கு அது ஒரு பழக்கத்தை விடுவது, எனக்கு அது இந்த அறையை விடுவது, இந்த ஜன்னலை, இந்த வெள்ளைக் கிண்ணங்களை, இந்த நாக்கை. அதுவும் நான் குடிக்கவில்லையே, துப்பிவிடுகிறேனே. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நூறு வாய், ஒவ்வொரு வாயிலும் ஒரு துளி இறங்காமலா இருக்கும். துப்பும் தொட்டிக்கு ஒவ்வொரு தடவையும் குனிகிறேன், நிமிர்கிறேன், குனிகிறேன், இறுக்கின நாடாவோடு குனிகிறேன். அடிக்கடி குனிவீங்களா என்று அந்தப் பையன் எவ்வளவு சரியாகக் கேட்டான். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சரியாகவில்லை என்றால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றான், அந்த மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, நான் அந்தத் தெருவழியாகவே போவதில்லை. எனக்குக் கேமரா பயம் இல்லை. எங்கள் ஆபீசில் முன்பு ஞானமுத்து என்று ஒருவர் இருந்தார், என்னைவிட நல்ல நாக்கு, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ருசி போய்விட்டது, கிடங்குப் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து அந்தக் கேன்டீன் டீயைச் சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, வாயிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எதற்கோ காத்திருப்பார். அப்புறம் விழுங்கிவிடுவார். பக்கத்து மேசையில் பையன்கள் சிரிப்பார்கள், நானும் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறேன். என் பயமெல்லாம் அதுதான்.

மணி அடித்துவிட்டது. நஸ்ரின் குவளைகளைக் கிண்ணத்தில் கவிழ்க்கிறாள், சாயம் இறங்குகிறது, வெந்த இலையை மூடியின் மேல் தட்டி வைக்கிறாள். எல்லாம் வழக்கம்போல, அவள் கை மட்டும் இன்று கொஞ்சம் மெதுவாக. தேவசகாயம் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆரம்பிக்கலாமா கனி என்கிறார். ஆரம்பிக்கலாம் சார் என்று என் குரல் சொல்கிறது, கரகரவென்று, இந்தக் கரகரப்பும் அதே அமிலத்தின் வேலைதான், ஐசக் குளிர் என்று நினைத்து மப்ளர் வாங்கி வந்தார். முதல் கிண்ணம். கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுகிறேன், அண்ணத்தில் தெறிக்கிறது, நாக்கின் ஓரத்தில் உருட்டுகிறேன், குனிந்து துப்புகிறேன். புளிப்பு. இதுவா கல்லொரை, முதல் கிண்ணத்திலேயா. நிமிர்ந்தபோது நெஞ்சு பற்றி எரிகிறது, அந்த எரிச்சலோடு ஒரு வாய் மேலே வந்து போகிறது, அப்போது புரிகிறது, டீ போன பிறகும் புளிப்பு போகவில்லை. நல்ல நிறம், வாயில துடிப்பா இருக்கு என்று சொல்லிவிடுகிறேன். நஸ்ரின் எழுதுகிறாள். எதைப் பார்த்துச் சொன்னேன், வெந்த இலையைப் பார்த்து, செம்புப் பாத்திரம் தேய்த்த மாதிரி பளிச்சென்று இருந்ததே அதைப் பார்த்து. கண்ணால் சொன்னேன். இரண்டாவது, புளிப்பு. இது கொஞ்சம் மெலிசு சார், வேற குத்தமில்ல என்கிறேன். சாயத்தைப் பார்த்துச் சொல்கிறேன், யாருக்கும் தெரியவில்லை, இவ்வளவு வருடம் நான் சொன்னதில் கண் எவ்வளவு, நாக்கு எவ்வளவு என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது, புளிப்பு. நான்காவது, புளிப்பு. இரண்டுக்கும் கண்ணால் பார்த்தே ஏதோ சொல்லி வைக்கிறேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும் அது மேலே வருகிறது, ஒவ்வொரு தடவையும் விழுங்கி இறக்குகிறேன். போஜன் ஜன்னலை விட்டு நகர்ந்து மேசைப் பக்கம் வந்துவிட்டார். ஐந்தாவது கிண்ணத்தில் கரண்டியை விடுகிறேன். உறிஞ்சுகிறேன். புளிப்பு, ஆனால் இது நாக்கின் ஓரத்தில் கடிக்கிற மாதிரி, இதுவரை வந்தது தொண்டையிலிருந்து வந்தது, இது முன்னாலிருந்து வருகிறதா. இன்னொரு வாய். இல்லை, பின்னாலிருந்துதான். இன்னொரு வாய். முன்னாலிருந்து. கண்ணால் பார்க்கலாம் என்றால் இலை கொஞ்சம் மங்கல், மங்கலென்றால் புளிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முகர்கிறேன், மூக்கிலும் அதே நெடி, என் நெடிதான். இதுதான் கல்லொரை என்று வைத்துக்கொள்வோம், புளிப்பு என்றால் நான் போன வாரம் சொன்னது சரி, என் நாக்கு பிழைத்தது, போஜன் போனார். நன்றாக இருக்கிறது என்றால் போஜன் பிழைத்தார், போன வாரம் நான் சொன்னது தப்பு, அப்புறம் அடுத்த வாரம் சொல்வதை யார் நம்புவார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள், அதுதான் கொடுமை. இரண்டுமே எனக்குத் தெரியாது. போஜனும் நானும் ஒன்றாகத்தான் இந்த வேலை கற்றுக்கொண்டோம், அப்போது ஞானமுத்து சார் எங்களைச் சேர்த்து நிறுத்திப் பச்சைத்தண்ணீரை உறிஞ்சச் சொல்லி மிரட்டுவார், போஜன் ஒரு தடவை சிரித்து எல்லாம் மூக்கில் ஏறி இருமினார். அவர் தலை நரைத்துவிட்டது. கையைக் கட்டியிருக்கிறாரே, அது கோபம் என்று நினைத்தேன், இப்போது பக்கத்தில் பார்த்தால் அந்த முகத்தில் கோபம் இல்லை.

"என்னங்க கனி, இவ்ளோ நேரம்?" என்கிறார் போஜன். நான் திரும்பி, நஸ்ரின், கொஞ்சம் சுடுதண்ணி குடும்மா, வெறும் தண்ணி என்கிறேன். கெட்டிலிலிருந்து ஒரு வெறும் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறாள். கரண்டியில் எடுத்து, டீயை உறிஞ்சுவது போலவே உறிஞ்சுகிறேன், வாயில் வைத்திருக்கிறேன். மலையில் மழை பெய்து ஓடையில் வந்து குழாயில் இறங்கின தண்ணீர். புளிக்கிறது. துப்பவில்லை, குனியப் பயமாக இருக்கிறது, விழுங்கிவிட்டேன். இன்னொரு கரண்டி. அதுவும் புளிக்கிறது. சரி, கோளாறு என்னுடையதுதான் என்று மனது ஒரு நொடி நிம்மதியாக உட்காரப் பார்க்கிறது, அதற்கும் இடமில்லை, தண்ணீர் புளிப்பதால் டீ புளிக்கவில்லை என்று ஆகிவிடுமா, இரண்டும் புளிக்கலாம், நானும் அதுவும் சேர்ந்தே புளிக்கலாம். மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். இந்த அறையில் நான் இதுவரை சொல்லாத ஒரு வார்த்தை இருக்கிறது, அதை எந்த மேசையிலும் எந்தக் கிண்ணத்துக்கும் நான் சொன்னதில்லை, நாக்கு மேலே எழும்பவே மாட்டேன் என்கிறது.

"எனக்குத் தெரியல சார்" என்றேன்.

"எது தெரியல?" என்றார் தேவசகாயம் சார்.

"எல்லாமே புளிக்குது. முதல் கிண்ணத்துல இருந்து. இந்தத் தண்ணியும் புளிக்குது. எனக்கு நெஞ்செரிச்சல் சார், ரெண்டு மூணு மாசமா. வயித்துல இருக்கறது மேல வந்துடுது. போன வாரமும் இருந்துச்சு. அன்னைக்கு நான் சொன்னது டீயைப் பத்தியா என்னைப் பத்தியான்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியல. முன்ன சொன்ன நாலும் கண்ணால பார்த்துச் சொன்னது, அதையும் அடிச்சுருங்க."

நஸ்ரின் எழுதியிருந்த நாலையும் பேனாவால் அடித்தாள். தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர், அதனாலேயே அவர் சொல்கிறதெல்லாம் முடிந்த முடிவாக இருக்கும். "உடம்பைப் பார்த்துக்கோங்க கனி. கொஞ்ச நாளைக்கு நீங்க டேஸ்டிங் பக்கம் வர வேணாம். மேல ஆபீஸ்ல உட்காருங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று ஞானமுத்து சாரிடமும் சொன்னார்கள், அப்புறம் யாரும் பார்க்கவில்லை. சார் போஜன் பக்கம் திரும்பி, "போன வாரம் சொன்னதை நான் வாபஸ் வாங்கிடறேன் போஜன். உங்க முதலாளிகிட்ட நானே பேசறேன்" என்றார். நான் கரண்டியைத் தண்ணீரில் போட்டேன். தொண்டையில் ஏறினது இப்போது கண்ணுக்கு வந்துவிடும் போலிருந்தது, ஜன்னலைப் பார்த்து நின்றேன், வெளியே மூடுபனி கலைந்து சாலையில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

போஜன் நன்றி சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அடியில் இருக்கிற சீட்டைப் பார்க்கவில்லை, மற்ற கிண்ணங்களைப் பார்க்கவில்லை, நேராக ஐந்தாவது கிண்ணத்துக்குப் போனார். வந்ததிலிருந்து அவர் ஒரு கிண்ணத்தைக்கூட ருசி பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நஸ்ரின் நீட்டின கரண்டியை வாங்கி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சத்தமாக உறிஞ்சினார். துப்பவில்லை. விழுங்கினார்.

"எலையப் பாத்தாலே தெரியுது, இதுதான் நம்முளுது. புளிக்குதுங்க சார்" என்றார்.

போஜனே தொடர்ந்து சொன்னார்.

"இந்த டீ போட்ட அன்னைக்குக் கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் வேலை செய்யல. கொஞ்ச நேரம் புளிக்கப் போட்டு எடுக்க வேண்டிய தூளு தரையிலயே கெடந்துச்சு, ரொம்ப நேரம். அள்ளிக் குப்பையில கொட்டியிருக்கணும். நான் கரண்ட் வந்ததும் காய வைக்கற அடுப்புல ஏத்திட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன், கனி புடிச்சுட்டாங்க." கரண்டியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சண்டை போட்டா ஜெயிச்சுறலாம்னுதான் வந்தேன். நீங்க உங்க நாக்கையே குத்தம் சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்புடிங்க சும்மா நிக்கறது."

தேவசகாயம் சார் கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்த சீட்டைப் பார்த்தார், ஆமாம் என்று தலையசைத்துத் திரும்ப வைத்தார். என் வாய் இன்னும் புளித்தது, நெஞ்சு அதே இடத்தில் எரிந்தது, நாளைக்கு அந்தக் கிளினிக்குக்குப் போய் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அவர் டீயை விடுங்கள் என்பார், இதெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். போன வாரம் நான் சொன்னது சரி, இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் என் நாக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது, அது போகவில்லை, என்னிடமே இருக்கிறது என்கிற சந்தோஷம், உடம்பெல்லாம் ஓடின சந்தோஷம். அது வடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். போஜன் அதற்குள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.